தண்டையலின் துடக்கு

நேரம் என்ன தம்பி? என் போனை நிறுத்தி வைத்திருக்கிறேன், அதுதான் கேட்கிறேன். ஒன்பதரை தாண்டிவிட்டதா? நல்லது. இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

படகு கரைக்குப் போகிற நேரத்தைச் சொல்லவில்லை. முகூர்த்தத்தைச் சொல்கிறேன். பின்னால் பனைகள் தெரிகின்றனவே, அந்தத் தீவில் இன்றைக்கு என் மகளுக்குக் கல்யாணம். ஒரே மகள், நிரஞ்சினி. வீட்டு முன்னால் பந்தல் போட்டாயிற்று. ஐயர் வந்துவிட்டார், மேளகாரர் வந்துவிட்டார்கள், மாப்பிள்ளை பகுதி நேற்றே வந்து இறங்கிவிட்டது. நான் இந்தப் படகில் இருக்கிறேன்.

அப்படிப் பார்க்காதீங்கோ. சண்டை ஒன்றும் இல்லை. இந்தக் கல்யாணம் குழம்பாமல் நடக்க வேண்டும் என்றுதான் புறப்பட்டு வந்தேன். நான் அங்கே இருந்தால் நின்றுவிடும். ஏற்கனவே மூன்று தடவை நின்றது. மூன்று தடவையும் என்னால்தான் நின்றது என்று ஊரில் கதைக்கிறார்கள். என்னால் இல்லை. செத்தவர்களால் நின்றது. மூன்றாவது ஆள் சாகவில்லை, அது வேறு கதை.

நீங்கள் குதிரை பார்க்க வந்தவர்தானே? எல்லாரும் அதற்குத்தான் வருகிறார்கள். எங்கள் தீவுக் குதிரைக்கு ஆளுக்கொரு பரம்பரை சொல்வார்கள். போர்த்துக்கேயன் கொண்டுவந்தது என்பார்கள், ஒல்லாந்தன் வளர்த்தது என்பார்கள். குதிரைக்குச் சொல்ல ஆள் இருக்கிறது. எனக்குச் சொல்ல ஆள் இல்லை. அதில் தொடங்கியதுதான் எல்லாம்.

மாப்பிள்ளையின் தகப்பன் சம்பந்தம் பேச வந்திருந்தார். கதிர்காமத்தம்பி என்று பெயர், ஓய்வுபெற்ற தபாலதிபர், யாழ்ப்பாணத்துக்காரர். தேத்தண்ணி குடித்தார், பயத்தம் பணியாரம் இரண்டு சாப்பிட்டார். வாயைத் துடைத்துக்கொண்டு, "அது சரி, உங்கட ஆக்கள் ஆர்?" என்று கேட்டார்.

தீவார் என்றால் யாழ்ப்பாணத்தில் இந்தக் கேள்வி வரும். மங்களேஸ்வரி, என் மனைவி, கதவுக்குப் பின்னால் நின்று, "தண்டையல் பகுதி எண்டு சொல்லுங்கோவன்" என்றாள். சொன்னேன். தண்டையல் என்றால் பாய்க்கப்பலை நடத்திப் போகிறவர், கப்பலில் அவர் சொன்னதுதான் சட்டம். எங்கள் பகுதியில் வினாசித்தம்பித் தண்டையல் என்று ஒருவர் இருந்தார் என்று சின்ன வயதிலேயே கேள்விப்பட்டிருக்கிறேன்.

"அவர் உங்களுக்கு எத்தினையாம் தலைமுறை?" என்றார் கதிர்காமத்தம்பி.

எனக்குத் தெரியவில்லை தம்பி. நான் கூட்டுறவுக் கடையில் மனேஜராக இருந்தவன். ஒரு மூட்டை சீனி எந்தக் கப்பலில் வந்தது, எந்த வீட்டுக்குப் போனது என்று கேளுங்கோ, அந்த இடத்திலேயே சொல்வேன். நான் எங்கிருந்து வந்தேன் என்று கேட்டால் வாய் திறக்க முடியவில்லை. மனிதர் மூன்றாவது பணியாரத்தை எடுத்தார். அதுதான் என்னைச் சுட்டது.

அன்றைக்கே தொடங்கினேன். என் மகளை யாரும் ஆள் அடி தெரியாத வீட்டுப் பெண் என்று சொல்லக் கூடாது.

கடதாசி ஒன்றும் கிடையாது. கடலில் திரிந்தவர்கள் எழுதி வைப்பார்களா? எல்லாம் வாயால் கேட்டுப் பிடித்தது. இருநூறு வருடத்துக்கு முன்னால் தண்டையல் புகையிலையும் கூரைக்குப் போடுகிற பனஞ்சிலாகையும் ஏற்றிக்கொண்டு நாகப்பட்டினம் போயிருக்கிறார், காக்கிநாடா போயிருக்கிறார், பர்மாவில் அக்கியாப், மோல்மேன், மறுபக்கம் கொச்சி. நான் அந்தத் துறைகளுக்கெல்லாம் போன் எடுத்தேன். ஒரு ஆளைப் பிடித்தால் அந்த ஆள் இன்னொரு ஆளின் நம்பரைத் தருவான். பிடிக்கப் பிடிக்க வந்துகொண்டே இருந்தது. தண்டையல் பெரிய ஆள் தம்பி. துறைக்குத் துறை குடும்பம் வைத்திருந்திருக்கிறார்.

மங்களேஸ்வரி இதைக் கேட்டுவிட்டு, "தூ" என்றாள்.

"அப்பிடிச் சொல்லாதை. அந்தக் காலத்திலை சோளகக் காத்திலை போனால் வாடைக் காத்து வருமட்டும் அங்கைதான் நிக்கவேணும். மாசக்கணக்கு. மனுசன் என்ன செய்வான்?" என்றேன்.

"நங்கூரத்தைப் போட்டிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்."

அவளுக்குக் கடல் தெரியாது. அவள் ஆட்கள் கமக்காரர், வயலோடு நின்றவர்கள்.

எல்லாத் துறையிலும் ஆண்பிள்ளைகள். அந்த ஆண்பிள்ளைகளுக்கும் ஆண்பிள்ளைகள். இதை நன்றாகக் கவனியுங்கோ, இதில்தான் விசயம் இருக்கிறது. நீங்கள் தீட்டு என்பீர்கள், நாங்கள் துடக்கு என்போம். ஆண் வழியில் ஒருவர் செத்தால் முப்பத்தொரு நாள், அந்தியேட்டி முடியும் வரை, கோயில் வாசலை மிதிக்க முடியாது, வீட்டில் நல்ல காரியம் செய்ய முடியாது. ஏழு தலைமுறைக்குள் இருந்தால் துடக்கு உண்டு. தண்டையல் எனக்கு ஆறாம் தலைமுறை. உள்ளுக்குள் வந்துவிட்டார். அவருடைய எல்லாத் துறையும் உள்ளுக்குள் வந்துவிட்டது.

வட்ஸ்அப்பில் ஒரு குழு தொடங்கினேன். தண்டையல் வம்சம் என்று பெயர் வைத்தேன். ரங்கூனில் இருந்து, நோர்வேயில் இருந்து, கொச்சியில் இருந்து எல்லாரும் வந்து சேர்ந்தார்கள். பாதிப் பேருக்குத் தமிழ் தெரியாது. பூப்படம் அனுப்புவார்கள். விடியப்புறம் போனைத் திறந்தால் நாலைந்து பாஷையில் காலை வணக்கம். கடை மூடிய பிறகு எனக்கு யாரும் வணக்கம் சொன்னதில்லை தம்பி.

கதிர்காமத்தம்பிக்கு எல்லாவற்றையும் சொன்னேன். மனிதர் அசந்துபோனார். நாள் வைத்தோம். அந்த நாளுக்கு முன் கிழமை காக்கிநாடாவில் வெங்கட்ராவ் காலமாகிவிட்டார்.

"ஆரப்பா அந்த வெங்கட்ராவ்?" என்றாள் மங்களேஸ்வரி.

"எனக்குச் சித்தப்பா முறை."

"கண்டனீங்களோ?"

"கண்டால்தான் சித்தப்பாவோ?"

"அந்த மனுசனுக்கு நீங்கள் ஒராள் இருக்கிறது தெரியுமோ?"

"அவருக்குத் தெரியத் தேவையில்லை. எனக்குத் தெரியும்."

கல்யாணம் நின்றது. நான் தாடி மழிக்கவில்லை. வெங்கட்ராவின் படத்தைக் குழுவில் பார்த்தேன், மூக்கு எங்கள் மூக்குத்தான். கொஞ்சம் அழுதேன்.

இரண்டாம் தடவை பொன்னுருக்கு வரை போனது. தாலிக்குப் பொன் உருக்குகிற சடங்கு. தட்டார் வந்து உமியில் நெருப்பு மூட்டி, பொன்னைக் குகையில், உருக்குகிற மண்கிண்ணத்தில் போட்டு, குழலை வாயில் வைத்துவிட்டார். என் சட்டைப்பையில் போன் சிணுங்கியது. மோல்மேனில் ஊ பா தின் என்று ஒரு தமையன் முறை, போய்விட்டார். நான் எழுந்து விசயத்தைச் சொன்னேன். தட்டார் குழலை எடுத்து, "இப்ப நான் ஊதிறதோ, விடுறதோ?" என்றார்.

ஐயர் மெல்ல, "அவர் புத்த சமயக்காரர் எல்லோ? அதுக்குத் துடக்குப் பாக்கத் தேவையில்லையெண்டு நினைக்கிறன்" என்றார்.

"இரத்தத்துக்குச் சமயம் தெரியுமோ ஐயா?" என்றேன். பொன் அப்படியே குகையில் கட்டிபட்டது.

இதற்கு நடுவில் அம்மன் கோயில் தேர் வந்தது. தீவில் யார் யார் தண்டையல் வழி என்று நான் அதற்குள் கண்டுபிடித்திருந்தேன். முக்கால்வாசிப் பேர். மோல்மேன்காரர் செத்த துடக்கு எனக்கு மட்டும் இல்லை, அவர்களுக்கும் உண்டு. நான் வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். சொல்லாமல் விடுவது பாவம். தேர் அன்றைக்கு வடம் பிடிக்க ஐயரும், மேளகாரரும், மங்களேஸ்வரியின் தம்பி தவபாலனும், குதிரை பார்க்க வந்த இரண்டு வெள்ளைக்காரரும்தான் நின்றார்கள். தேர் அசையவில்லை.

அடுத்த நாள் ஊர் திரண்டு என் வீட்டு வாசல் படலைக்கு வந்தது. முன்னுக்குக் கோயில் தர்மகர்த்தா இளையப்பா. அவர் தகப்பனும் என் தகப்பனும் யார் உண்மையான தண்டையல் பகுதி என்று வழக்குப் பேசியவர்கள், கதைபேச்சு இல்லாமலே செத்தவர்கள். இளையப்பா ஒரு தட்டத்தில் கற்பூரம் கொளுத்திக் கொண்டுவந்தார்.

"நாங்கள் தண்டையலின்ரை பரம்பரை இல்லை. ஒருகாலும் இல்லை. அந்த ஆளைத் தெரியவே தெரியாது" என்று சொல்லிக் கற்பூரத்தை அடித்து அணைத்தார். பின்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராக வந்து சத்தியம் பண்ணினார்கள். கற்பூரம் முடிந்து என் வீட்டிலேயே கடன் கேட்டார்கள். கொடுத்தேன்.

நான் கோபப்படவில்லை. பாவம், பொய்ச் சத்தியம். இளையப்பா தண்டையலுக்கு ஐந்தாம் தலைமுறை. வெற்றிலை போடுகிறபோது பாருங்கோ, தலையைச் சரிக்கிற விதத்திலேயே தெரியும்.

மூன்றாம் தடவை நோர்வேக்காரர். ஆஸ்பத்திரியில் கடைசிக் கட்டம் என்று குழுவில் போட்டார்கள். கல்யாணத்தன்று செத்துவைத்தால் என்ன செய்வது? முற்காப்பாக நாளைத் தள்ளி வைத்தேன். அவர் எழும்பிவிட்டார். இப்போது சைக்கிள் ஓடுகிறார், படம் போடுகிறார். அதற்கு நான் என்ன செய்ய முடியும்? நல்ல விசயம்தானே?

அந்தப் படத்தை நிரஞ்சினிக்குக் காட்டினேன். சந்தோசப்படுவாள் என்று நினைத்தேன். அவள் மாவரித்துக்கொண்டிருந்தவள், அரிதட்டைக் கீழே வைத்தாள்.

"அப்பா, எனக்குக் கலியாணம் நடக்க இன்னும் எத்தினை பேர் சாகவேணும்?"

நல்ல கேள்வி. நான் இருந்து யோசித்தேன். குழுவில் வயது போனவர்கள் யார், வருத்தக்காரர் யார் என்று பார்த்துவிட்டு, "பிள்ளை, பனிக்காலம் முடிஞ்சால் நோர்வே பக்கம் பயமில்லை. காக்கிநாடாவிலை வெயில் தொடங்க முந்தி ஒரு சின்ன இடைவெளி வரும். அதுக்குள்ளை செய்யலாம்" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு மாவரிக்கவில்லை. அப்படியே எழுந்து போய்விட்டாள். அரிதட்டு இரண்டு நாள் அங்கேயே கிடந்தது. களைப்பு என்று நினைக்கிறேன்.

கதிர்காமத்தம்பி தனியாக வந்தார். இந்தத் தடவை பணியாரத்தைத் தொடவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சம்பந்தி, அண்டைக்கு நான் தெரியாமல் கேட்டுப்போட்டன். உங்கட ஆக்கள் ஆரெண்டு இனி எங்களுக்கு ஒண்டும் சொல்லவேண்டாம். ஆருமில்லாத வீடெண்டே நினைச்சு எடுக்கிறம். பிள்ளையைத் தாருங்கோ. பெடியனுக்கு முடி கொட்டத் தொடங்கிட்டுது."

எவ்வளவு பெருந்தன்மை பாருங்கோ. நாள் வைத்தோம். இன்றைய நாள்.

நேரம் என்ன தம்பி? சரி. இப்போது மாப்பிள்ளையை அழைத்துக்கொண்டு வந்திருப்பார்கள்.

போன கிழமை தவபாலன் வந்து எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். நல்ல பெடியன், பந்தல், சமையல் எல்லாம் அவன் பொறுப்பு. அவன் மங்களேஸ்வரி பக்கம் என்பதால் அவனுக்குத் துடக்கு இல்லை. முதல் தடவையாக அவன் வம்ச விசயத்தில் அக்கறைப்பட்டுக் கேட்டான்.

"அத்தான், ஒரு சாவு நடந்திட்டுது. ஆனால் அது ஒருத்தருக்கும் தெரியாது எண்டு வையுங்கோ. துடக்கு உண்டோ?"

"இல்லை. கேள்விப்பட்டால்தான் துடக்கு. காது கேட்ட நேரத்திலை இருந்துதான் கணக்கு."

"அப்ப ஒராள் மட்டும் கேள்விப்பட்டால்?"

"அந்த ஒராளுக்கு மட்டும்தான்."

"அவர் மற்ற ஆக்களுக்குச் சொல்லாமல் விட்டால்?"

"மற்ற ஆக்கள் சுத்தம். அவர் விலகி நிண்டால் காரியத்தை நடத்தலாம். ஆனால் வாயைத் திறக்கப்படாது."

"விளங்குது அத்தான், விளங்குது" என்று எழுந்து போனான். எனக்கு மனம் நிறைந்துவிட்டது. எனக்குப் பிறகு இதைக் கவனிக்க ஒரு ஆள் வேண்டும்.

இன்றைக்கு விடியக் காலை குளித்து, வேட்டி கட்டி, திருநீறு பூசிக்கொண்டு கிணற்றடியில் நிற்கிறேன். போன் வந்தது. திரையில் இலக்கம் விழவில்லை. காக்கிநாடாவில் இருந்து பேசுவதாக ஒருவன் சொன்னான். தம்பி, என்ன தமிழ் தெரியுமா? சுத்தமான எங்கள் தீவுத் தமிழ். இருநூறு வருடம் தெலுங்குக்காரருக்கு நடுவில் இருந்தும் ஒரு சொல் மாறவில்லை. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

"பெரியவர் சத்தியநாராயணா விடிய முடிஞ்சுபோனார், அத்தான்" என்றான்.

அத்தான் என்றான். அந்தத் துக்கத்திலும் எனக்கு முறை ஓடியது. ஆண் வழியில் வந்தவன் என்னை அத்தான் என்று கூப்பிட முடியாது. செத்தவரின் மகளைக் கட்டியவனாக இருக்க வேண்டும். தமிழை மட்டுமில்லை, முறையையும் விடாமல் வைத்திருக்கிறார்கள்.

போனில் அவனுக்குப் பின்னால் நாதஸ்வரம் கேட்டது. எங்கள் பந்தலில் வாசிக்கிற அதே உருப்படி. "அங்கையும் கலியாணமோ?" என்றேன்.

நாதஸ்வரச் சத்தம் சட்டென்று குறைந்தது. "ஓம்... பக்கத்து வீட்டிலை" என்று சொல்லி வைத்துவிட்டான்.

ஒரு பக்கம் சாவு, ஒரு பக்கம் கல்யாணம். எல்லா ஊரும் ஒன்றுதான்.

கிணற்றடியில் கொஞ்சம் நின்றேன். சொன்னால் நாலாம் தடவையும் நின்றுவிடும். சொல்லாமல் பந்தலில் நின்று தாரை வார்த்துக் கொடுத்தால் அது அந்தப் பிள்ளையின் வாழ்க்கைக்குக் கூடாது. சொல்லாமல் விலகிப் போவது ஒன்றுதான் வழி. தாரை வார்க்க மங்களேஸ்வரியின் பெரியண்ணர் இருக்கிறார். நான் உள்ளே போய், "குறிகாட்டுவான் இறங்குதுறையிலை ஐஸ் பெட்டி இறங்கியிருக்காம், எடுத்துக்கொண்டு வாறன்" என்றேன். மகளுடைய கல்யாணத்தன்று தகப்பன் ஐஸ் எடுக்கப் போவதா என்று மங்களேஸ்வரி கேட்பாள், என்ன மறுமொழி சொல்வது என்று யோசித்து வைத்திருந்தேன். அவள் கேட்கவில்லை. சோற்றுப் பார்சலைக் கையில் தந்தாள். ஏற்கனவே கட்டி வைத்திருந்தாள். நான் ஒன்றும் சொல்லாமலே அவளுக்கு விளங்கிவிடும், அவ்வளவு காலம் சேர்ந்து வாழ்ந்தாயிற்று. முகத்தை மட்டும் மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

படலையடியில் தவபாலன் மோட்டார் சைக்கிளை ஸ்டார்ட் பண்ணியபடி நிற்கிறான். கையில் போன். "வாங்கோ அத்தான், படகு போயிடும்" என்றான். எனக்குப் படகு பிடிக்க வேண்டும் என்று அவனுக்கு எப்படித் தெரிந்ததோ. கெட்டிக்காரன்.

நிரஞ்சினிதான் எதிர்பார்க்கவில்லை. அலங்காரம் பாதியில் நிற்க ஓடிவந்தாள். "அப்பா, எங்கை போறியள்? பொறுங்கோ" என்று சொல்லி என் காலைத் தொட்டுக் கும்பிடக் குனிந்தாள்.

நான் காலை இழுத்துக்கொண்டேன்.

அவளைத் தொட விடலாமா? தொட்டால் அவளுக்கும் துடக்கு. "சேலை மண்ணாகும் பிள்ளை, எழும்பு" என்றேன். அவள் குனிந்தபடியே இருந்தாள். கை நிலத்தில் இருந்தது. தவபாலன் எஞ்சினை நிறுத்திவிட்டான். அவனும் என்னை ஒருமாதிரிப் பார்த்தான், ஏதோ சொல்ல வாயெடுத்தான். பிறகு மங்களேஸ்வரியைப் பார்த்தான், திரும்ப ஸ்டார்ட் பண்ணினான். நான் ஏறிக்கொண்டேன். பிள்ளைக்குத் தலையில் கை வைத்து ஒரு சொல் சொல்லவில்லை தம்பி. ஒரு நல்ல சொல் சொல்லவில்லை.

பத்தேகாலாகிவிட்டதா? அப்படியென்றால் முகூர்த்தம் இப்போதுதான். இப்போது தாலி கட்டுவான்.

பொறுங்கோ, இந்தப் பார்சலைப் பிரிக்கிறேன். பசியில்லை. கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. சோறு... வாழைக்காய்ப் பொரியல்... இது என்ன, மேலே ஒரு கடதாசிச் சரை வைத்துச் சுற்றியிருக்கிறாள்? பாருங்கோ இந்த மனுசியின் வேலையை. அறுகரிசி. மஞ்சளும் அறுகம்புல்லும் கலந்த அரிசி, பொம்பிளை மாப்பிள்ளை தலையில் போட்டு வாழ்த்துகிறது. இதைப் போய் எனக்குக் கட்டியிருக்கிறாள். மணவறையில் வைக்க வேண்டியதை. நான் தொடக் கூடாது. துடக்குக்காரன் கை பட்டால் அது வாழ்த்து இல்லை.

தம்பி, நீங்கள் எடுங்கோ. சரையை நீங்களே அவிழுங்கோ, என் விரல் படவில்லை. இந்தப் படகில் இருக்கிற எல்லாரையும் எனக்குத் தெரியும், எல்லாரும் எப்படியோ தண்டையலிடம் போய் முடிவார்கள். உங்களை மட்டும்தான் தெரியாது. எழும்பி நில்லுங்கோ. அந்தப் பனைகளைப் பார்த்து நில்லுங்கோ. நிரஞ்சினி என்று மனதுக்குள் சொன்னால் போதும், மாப்பிள்ளை பெயர் பிரதீபன்.

என்ன, உங்கள் ஊரா? வேண்டாம், வேண்டாம், சொல்லாதீங்கோ. நாகப்பட்டினம் பக்கம் என்று ஏதும் வாயில் வந்துவிடப் போகிறது. தாத்தா பெயரும் வேண்டாம். ஒன்றும் சொல்லாதீங்கோ தம்பி. எறியுங்கோ.